பவுனு இறங்கிய சரிவு

"இந்தக் குதிரையை எப்ப நிறுத்தணும், சிஸ்டர்?"

கேட்டவள் ஜெசிந்தா. சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி, கயிற்றைப் பிடித்து, ஏரியைச் சுற்றி நடப்பவள்.

குதிரையின் பெயர் பவுனு. புருஷன் விட்டுப் போனது பவுனையும், இன்னும் பேச்சு வராத ஒரு மகளையும்தான். அதன் முதுகை நம்பித்தான் அந்த மகள் பால் குடித்தாள்.

மடத்தை விட்டு வந்து, ஏரிக்கு மேலே தனியாக இருந்தார் மக்தலேன் சிஸ்டர். மனசு தாங்காதபோது குதிரைக்காரர்கள் அவரிடம் போவார்கள். பதிலோடு திரும்பியவர்கள் குறைவு. ஆனாலும் போவார்கள்.

சிஸ்டர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஜெசிந்தா எல்லாவற்றையும் கொட்டினாள். பவுனுக்கு வயசாகி, கண்ணுக்கு மேலே குழி விழுந்துவிட்டது. கொள்ளுத் தீனியை மென்று தின்ன மாட்டாமல் பாதியைத் துப்புகிறது. நேற்று ஒரு பிள்ளையை ஏற்றிச் சரிவில் இறங்கும்போது, போட்டோவில் நீ விழவேண்டாம், தள்ளி நில் என்றார் பிள்ளையின் அப்பா. தள்ளி நின்றாள். முன்னங்கால் மடங்கிவிட்டது. பிள்ளை பிடரியைப் பிடித்துத் தொங்கி, விளையாட்டென்று நினைத்து, இன்னொரு தரம் என்று கேட்டுச் சிரித்தது.

குதிரை ஸ்டாண்டில் இன்னொரு குதிரைக்காரரான காஜா பாய், பவுனுக்குப் பென்ஷன் எழுதிப் போடு என்று கேலி பண்ணினாராம். எல்லாரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம்.

"நிறுத்தினா சோறு இல்ல. நிறுத்தலைன்னா கண்ணை மூட முடியல. நீங்க ஒரு நாள் சொல்லுங்க, சிஸ்டர். அன்னைக்கு நிறுத்திடறேன்."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னை ஏத்து."

எலும்பும் தோலுமான உடம்பு. கனமே இல்லை. ஆனாலும் ஜெசிந்தா தயங்கித்தான் ஏற்றினாள்.

சமதரையில் பவுனு நன்றாகவே நடந்தது. காதைக்கூட ஆட்டியது. இன்னும் ஒரு சீசன் தாங்கும் என்று சிஸ்டர் வாயாலேயே வந்துவிடுமோ என்று ஜெசிந்தாவுக்கு ஆசை வந்தது.

சரிவு வந்தது.

அவள் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தாள். பவுனின் கழுத்துக்கு அடியில் தன் தோளை முட்டுக் கொடுத்தாள். அதுவும் பழகினதுபோல் அவள்மேல் சாய்ந்துகொண்டது. இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு, அடி அடியாக இறங்கினார்கள்.

மேலேயிருந்து சிஸ்டர் கேட்டார். "மத்தவங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு முன்னாலதானே போவாங்க?"

"ஆமா, சிஸ்டர்."

"நீயும் போ."

ஜெசிந்தா நகரவில்லை.

"போ, ஜெசி."

"விழுந்துடுவீங்க."

கீழே ஏரியில், யாரோ படகில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

"எப்பலேருந்து தோள் குடுக்கிற?"

போன சீசனிலிருந்து என்று சொல்ல வாயெடுத்தாள். போன சீசன் இல்லை. அதற்கும் முந்தி. மகள் வயிற்றில் இருந்தபோதே, வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு இதே சரிவில் தோள் கொடுத்திருக்கிறாள்.



சிஸ்டர் குதிரையிலிருந்து சறுக்கி இறங்கினார்.

"அப்ப என் மகளுக்கு?" ஜெசிந்தா கேட்டாள். "நாளைக்கு என் மகளுக்கு என்ன, சிஸ்டர்?"

சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார்.

"தெரியலம்மா."

குதிரையின் அடியில் உட்கார்ந்து, சேணத்தின் வயிற்று வாரைக் கழற்றப் பார்த்தார். கொக்கி வரவில்லை.

ஜெசிந்தா குனிந்து, அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தானே கழற்றினாள்.