பெயர் மறைத்த கிண்ணங்கள்

டாக்டர் ஞானசிகாமணி வராந்தாவில் ஓடி வந்தார். ஆராய்ச்சிக்கூடத்துக்குள் யாரும் ஓடக்கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. அறுபது வயது ஆளுக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இல்லை. அன்று காலை அவருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவுதான்.

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே நுழைந்தார்.

"மேடம், வேலை செய்யுது."

மெஹருன்னிசா டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஞானசிகாமணியைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அந்த இடத்தில் அவர்தான் குரு, இவர்தான் சீடர். தூத்துக்குடியில் முப்பது வருஷம் நெஞ்சு நோய் மருத்துவராக இருந்து, ஊரே கையெடுத்துக் கும்பிடும் பெயரைச் சம்பாதித்த மனிதர், ஒருநாள் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டுச் சென்னைக்கு வந்து, "எனக்கு ஆராய்ச்சி சொல்லிக் கொடுங்க" என்று இந்த அம்மையார் முன்னால் நின்றார். காரணம் ஒரே ஒரு நோய். நுரையீரலில் தழும்பு ஏறும் நோய்.

அந்த நோயைத் தன்னிடம் வருகிறவர்களுக்கு அவர் இப்படித்தான் விளக்குவார். நுரையீரலில் ஒரு கீறல் விழுகிறது. அதைப் பூசக் கொத்தனார்கள் வருகிறார்கள். உடம்பிலேயே இருக்கும் ஒரு வகை செல்கள்தான் அந்தக் கொத்தனார்கள். பூசி முடித்ததும் அவர்கள் நடையைக் கட்ட வேண்டும், ஆனால் கட்டுவதில்லை. பூசின இடத்திலேயே மேலும் மேலும் பூசுகிறார்கள். சுவர் தடித்துத் தடித்து, கடைசியில் வீட்டுக்குள் காற்று வர வழியில்லாமல் போய்விடுகிறது. இருக்கிற மருந்துகள் அவர்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

"எது வேலை செய்யுது?" என்றார் மெஹருன்னிசா.

"நம்ம மருந்துதான் மேடம். மருந்து விட்ட கிண்ணத்துல எல்லாம் செல் பாதியாக் குறைஞ்சிருக்கு. கொத்தனாருங்க கிளம்பிட்டாங்க. இப்பதான் எண்ணிட்டு வாறேன்."

"யார் எண்ணினது?"

"நான்தான்."

"டேப் ஒட்டியா?"

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கிண்ணத்தில் மருந்து, எதில் வெறும் திரவம் என்று மூடியில் எழுதியிருக்கும். எண்ணுவதற்கு முன்னால் வேறொருவர் வந்து அந்த எழுத்தின் மேல் நீல டேப்பை ஒட்டிக் கிண்ணங்களைக் கலைத்து வைத்துவிட்டுப் போவார். பெயர் தெரிந்து தன் கிண்ணத்தைத் தானே எண்ணுவது, அங்கே எச்சில் கரண்டியைக் குழம்புச் சட்டியில் விடுவதற்குச் சமம்.

"பாத்ததும் கை நிக்கல மேடம். எண்ணிட்டேன்" என்றார் ஞானசிகாமணி. "ஆனா இதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல, கண்ணு முன்னால தெரியுது. அதைவிட அவசரமா ஒண்ணு இருக்கு. தங்கபுஷ்பம் டீச்சர் போன் பண்ணினாங்க."

தங்கபுஷ்பம் டீச்சரை மெஹருன்னிசாவுக்குத் தெரியும். தூத்துக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். ஒருநாள் மைதானத்தில் விசில் ஊத மூச்சு வரவில்லை என்று ஞானசிகாமணியிடம் வந்தவர். இப்போது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். மாற்று நுரையீரலுக்குப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். போன மாதம் ஒருநாள், "எனக்காக நீங்க செய்யற மருந்தை ஒருதடவை கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்று இங்கேயே வந்துவிட்டார். லிஃப்ட் பழுது. முதல் வளைவிலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். ஞானசிகாமணிதான் மூன்று மாடியும் இறங்கிப்போய்ப் பேசி அனுப்பிவைத்தார்.

"நுரையீரல் கிடைச்சிருக்காம் மேடம். பொருந்துதாம். ஒரு மணி நேரத்துல வாறேனா, வரலையான்னு சொல்லணுமாம். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"நல்ல செய்திதானே?"

"அவங்களுக்குப் பயம். நெஞ்சைத் திறக்கிறதுன்னா சும்மாவா? பிழைக்காமப் போறவங்களும் இருக்காங்கல்ல? 'உங்க மருந்து வந்துரும்னா நான் காத்திருக்கேன் டாக்டர், நீங்க சொல்றதுதான்'னாங்க. அரை மணி நேரத்துல சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மூச்சு வாங்கியது அவருக்கு. வாயெல்லாம் பல்லாக வந்தவர் முகத்தில் இப்போது வேறு ஏதோ தவித்தது.

"நீங்க சொல்லுங்க மேடம். ஒரு மருந்து வேலை செய்யுதுன்னு எப்ப நம்பலாம்?"

"சொன்னா கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"கேக்க மாட்டீங்க" என்று மெஹருன்னிசா மேசை இழுப்பறையைத் திறந்து நீல டேப்பை எடுத்தார். "அரை மணி நேரம் போதும். வாங்க."

மைக்ராஸ்கோப் அடுத்த அறையில்தான் இருந்தது. ஞானசிகாமணிக்கு உள்ளூரக் கோபம். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இந்த அம்மா விளையாடிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தார்.

"முப்பது வருஷம் எக்ஸ்ரே பாத்த கண்ணு மேடம் இது."

"அதான் பயமா இருக்கு. வெளியே நில்லுங்க."

அவர் வெளியே நின்றார். உள்ளே டேப் கிழியும் சத்தம் கேட்டது. கூப்பிட்டதும் போனார். ஒரு டஜன் கிண்ணங்கள், எல்லாவற்றின் தலையிலும் நீலப்பட்டை. மருந்து உள்ளதை இந்தப் பக்கமும் இல்லாததை அந்தப் பக்கமும் வைக்கச் சொன்னார் மெஹருன்னிசா.

ஞானசிகாமணி மளமளவென்று பார்த்தார், மளமளவென்று வைத்தார். இது குறைந்திருக்கிறது, மருந்து. இது நெருக்கமாக இருக்கிறது, வெறும் திரவம். ஒரு இடத்தில்கூட அவர் தயங்கவில்லை.

மெஹருன்னிசா டேப்பை உரித்துக்கொண்டே போனார்.

பாதி சரி. பாதி தப்பு.

ஞானசிகாமணியின் முகத்தில் ஈயாடவில்லை. "காசைச் சுண்டிப் பாத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

காலையில் என்ன நடந்தது என்று இப்போது அவருக்குப் புரிந்தது. கிண்ணம் முழுவதையும் எண்ண முடியாது, அங்கங்கே சில இடங்களைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள். மருந்து என்று எழுதியிருந்த கிண்ணத்தில் கை தானாகவே செல்கள் குறைவாக உள்ள மூலைக்குப் போயிருக்கிறது. வெறும் திரவம் என்று எழுதியிருந்த கிண்ணத்தில் கூட்டமான இடத்துக்குப் போயிருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் பொய் சொல்லவும் இல்லை. ஆசைப்பட்ட இடத்துக்குக் கை போய்விட்டது.

"டீச்சரைக் காத்திருங்கன்னு சொல்லியிருப்பேனே மேடம்" என்றார்.

மெஹருன்னிசா முதுகைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் டேப் ஒட்டினார், மறுபடியும் கலைத்தார்.

"இன்னொரு தடவை பாருங்க. இப்ப மருந்தைத் தேடாதீங்க. ஒரே மாதிரி இருக்கிறதை ஒண்ணா வைங்க. அவ்வளவுதான்."

"என்ன மாதிரி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் பாக்கல."

ஞானசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். இந்தத் தடவை எதையும் எதிர்பார்க்க அவரிடம் தெம்பில்லை. அதனால் வெறுமனே பார்த்தார். ஒரு கிண்ணம், இன்னொரு கிண்ணம். மீண்டும் முதல் கிண்ணம்.

செல்கள் எங்கும் குறையவில்லை. எல்லாக் கிண்ணத்திலும் ஏறக்குறைய அதே கூட்டம்தான். ஆனால் சில கிண்ணங்களில் அவை நீண்டு விறைத்து, எல்லாம் ஒரே திசையில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. ஈர வேட்டியை இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று முறுக்கிப் பிழிவது மாதிரி. இடையிடையே தழும்பு நார் தடிமனாக ஓடியது. மற்றச் சில கிண்ணங்களில் அதே செல்கள் சாப்பாட்டு நேரத்துக் கூலியாட்கள்போல ஆங்காங்கே தளர்ந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் நார் அதிகம் இல்லை.

இத்தனை மாதமாக இதே மைக்ராஸ்கோப்பில் இதே செல்களைப் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட இது கண்ணில் பட்டதில்லை. எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் அவர் கேட்டதே இல்லை.

நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்து, இரண்டு வரிசையாக வைத்தார்.

"ஆச்சு மேடம். டேப்பை எடுங்க."

"நீங்களே எடுங்க."

தளர்ந்த வரிசையில் முதல் கிண்ணத்தின் டேப்பை நகத்தால் கிளப்பினார். மருந்து. அடுத்தது, மருந்து. அதற்கடுத்தது, மருந்து. கடைசிவரைக்கும் மருந்து. பிறகு விறைத்த வரிசைக்கு வந்தார். வெறும் திரவம், வெறும் திரவம், வெறும் திரவம். ஒரே ஒரு மருந்துக் கிண்ணம் மட்டும் இடம் மாறி இந்த வரிசைக்கு வந்திருந்தது.

ஞானசிகாமணி சிரித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சிரிப்பு. மெஹருன்னிசா அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் துழாவி, உட்கார்ந்துகொண்டு மறுபடியும் பார்த்தார். சந்தோஷத்தில் அவருக்கும் காது மடல் சிவந்துபோயிருந்தது.

"டாக்டர், நாம கேள்வியையே தப்பாக் கேட்டிருக்கோம். கொத்தனார் எங்கேயும் போகல."

"பூசற கரண்டியைக் கீழே போட்டுட்டாரு" என்றார் ஞானசிகாமணி.

"போட்டுட்டாரு. யார் போட வச்சது, எப்படிப் போட வச்சதுன்னு இனிமேதான் பாக்கணும்."

"அந்தத் தப்பிப்போன ஒத்தைக் கிண்ணம்?"

"அதையும்தான். அதை முதல்ல பாக்கணும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூசச் சொல்லும் செய்தி செல்லின் எந்தக் கதவைத் தட்டுகிறது, அந்தக் கதவை மருந்து எங்கே அடைக்கிறது, அடுத்து எதை மறைத்து எதைப் பார்ப்பது என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, பிடுங்கி, முடித்து வைத்தார்கள். அப்போது ஞானசிகாமணியின் சட்டைப்பையில் போன் அடித்தது. தங்கபுஷ்பம் டீச்சர்.

அவர் முகம் இன்னும் அதிகமாகவே மலர்ந்தது.

"மேடம், இப்ப டேப் ஒட்டியே பாத்தாச்சு. மருந்து உண்மை. காத்திருக்கச் சொல்லிரலாம்ல?"

மெஹருன்னிசா எழுந்து வந்தார். டேப்பில் இன்னும் ஒரு துண்டு கிழித்தார். ஞானசிகாமணியின் வெள்ளைக் கோட்டில், இடது மார்பின் மேல், அவருடைய பெயரும் அதன் பின்னால் பட்டங்களும் நீலநூலில் தைத்திருந்தன. அதன் மேல் அந்தத் துண்டை வைத்து விரலால் அழுத்தி ஒட்டினார்.

"இப்பப் பேசுங்க."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஞானசிகாமணி குனிந்து தன் மார்பைப் பார்த்தார். பெயர் இருந்த இடத்தில் நீலப்பட்டை மட்டும் இருந்தது. மருந்து வேறு யாருடையதோ என்றால் டீச்சருக்கு என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. கேட்டுக் கேட்டுப் பழகின சத்தம். அப்படி மூச்சு வாங்குகிற எத்தனையோ பேரை, மறுபேச்சில்லாமல் அவரே ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கிறார்.

"டாக்டர், என்ன சொல்றீங்க?"

"வீட்ல வண்டி இருக்கா டீச்சர்?"

"மகன்கிட்ட இருக்கு."

"வாறேன்னு சொல்லிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"அப்ப உங்க மருந்து?"

"வேலை செய்யுது டீச்சர். இப்பதான் பாத்தோம். கிண்ணத்துல வேலை செய்யுது. கிண்ணத்துல இருந்து மனுஷங்ககிட்ட வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகும். வராமலே போனாலும் போயிரும். உங்களால அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது."

"பயமா இருக்கு டாக்டர்."

"எனக்கும்தான். நானும் அங்க வாறேன். நீங்க முதல்ல கிளம்புங்க."

மூச்சுச் சத்தம் நீண்டு கேட்டது. பிறகு, "சரி. என் விசிலை எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார் டீச்சர். போன் வைக்கப்பட்டது.

ஞானசிகாமணி அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். எதிரே இரண்டு வரிசையில் கிண்ணங்கள் மூடி திறக்காமல் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எழுந்து கோட்டைக் கழற்றப் போனவர், டேப்பில் கை பட்டதும் நின்றார்.

"மேடம், இதை எப்ப எடுக்கலாம்?"

மெஹருன்னிசா மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"டீச்சர் மாடியேறி வந்து எடுத்துவிடட்டும்."