மடித்தவர் பெயர்

"டீச்சரம்மா, நான் இந்த வாரத்தோட நின்னுக்கிறேன்."

தேவசகாயம் இதைச் சொன்னபோது இன்பவல்லி பாராசூட் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏண்ணே?"

"கூடாரம் தைக்கிற கம்பெனியில கூப்பிடுறாங்க. இங்க குடுக்கிறதைவிட அங்க அதிகம். கூடாரம் பிரிஞ்சு விழுந்தா ஒருத்தனும் சாகப்போறதில்ல. அதுக்கே அவ்வளவு குடுக்குறான்!"

தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆசிரியைக்கு முப்பத்து நாலு. ராணுவத்தில் பாராசூட் மடித்தவள், இப்போது விமானத்திலிருந்து குதிக்கும் இந்தக் கிளப்பில் பாராசூட் மடிக்கிற நாலு பேருக்குத் தலைமை. அவளிடம் இரண்டு வருடம் திட்டு வாங்கித்தான் அவர் தொழில் கற்றார். உண்மையைச் சொன்னால் போக மனமே இல்லை.

"கூலி கூட்டிக் கேட்டதுக்கு முதலாளி என்ன சொன்னாரு?"

"துணி மடிக்கிற வேலைக்கு இது போதும்னாரு. நானே மடிச்சுக் காட்டட்டுமான்னு கேக்குறாரு. நீங்க பேசுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாரு."

"பேசுறேன்."

பேசினாள். பேசியதைக் கேட்டதும் தேவசகாயத்துக்குப் பகீரென்றது.

"சார், நாளைக்குப் பன்னெண்டு பேர் குதிக்கிறாங்க. ஒரு பாராசூட் பையை நீங்களே மடிங்க."

முதலாளி ரத்தினசபாபதி சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார். இவளைப் போய் நம்பினேனே என்று தேவசகாயம் மனதுக்குள் புழுங்கினார்.

முதலாளி ஒன்றும் முட்டாள் இல்லை. மில் நடத்தியவர், கை வேலை தெரிந்தவர். மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள், கழற்றினார். காற்று போக முழங்காலால் அழுத்தச் சொன்னாள், அழுத்தினார். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. அவருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

இன்பவல்லி இரண்டு முறை சோதித்தாள்.

"பழுதில்ல சார். சீட்டுல பேர் எழுதுங்க."

மடித்தவர் தன் கையால் பெயர் எழுதிப் பையில் செருக வேண்டும். குதிக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பையை எடுப்பார்கள். சட்டமெல்லாம் இல்லை, அப்படியே பழக்கமாகிவிட்டது.

முதலாளி பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். "இவ்வளவுதானே?" என்று தேவசகாயத்தைப் பார்த்தார். நாலு பேர் பிழைப்பிலும் மண் விழுந்தது என்றே தேவசகாயம் நினைத்தார்.

மறுநாள் காலை பதினோரு பேர் பைகளை மாட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டாவதாக ஓடிவந்தவர் டாக்டர் நஸ்ரீன். மிச்சமிருந்த பையின் சீட்டைத் திருப்பிப் படித்தார். பையைத் திரும்ப வைத்துவிட்டார்.

"இது நீங்க மடிச்சதா சார்?"

"நான்தாம்மா," என்றார் முதலாளி, பெருமையாக.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"இன்பவல்லியே பார்த்துட்டாங்கம்மா!"

"பார்த்தேன், பழுதில்ல," என்றாள் இன்பவல்லி.

"இருக்கட்டும். தேவசகாயம் அண்ணன் மடிச்சது இருக்கா?"

தேவசகாயம் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அந்த டாக்டரிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் பெயர் டாக்டர் வாயில் வந்ததைக் கேட்டு அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வேற பை இல்லம்மா," என்றார் முதலாளி.

"அப்ப நான் வரல."

பன்னிரண்டு பேரும் வானத்தில் கைகோத்து வட்டம் போட வேண்டும். டாக்டர் இல்லாமல் வட்டம் இல்லை. மாட்டியிருந்த பதினோரு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே விமானம் எரிபொருளைக் குடித்தபடி உறுமிக்கொண்டிருந்தது.

இன்பவல்லி பையை மூடியிருந்த ஊசியை உருவினாள். முதலாளியின் மூன்று மணி நேர உழைப்பு தரையில் சரிந்தது.

"தேவசகாயம், சீக்கிரம் மடிப்பா!" என்றார் முதலாளி.

தேவசகாயம் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மண்டியிடப் போனவர் நின்றார். ஆசிரியையைப் பார்த்தார். அவள் கயிறுகளை நீவிக்கொண்டிருந்தாள், அவர் பக்கம் திரும்பவேயில்லை. இனி அவள் பேசமாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

முதலாளி பக்கம் திரும்பினார்.

"மடிக்கிறேன் சார். இந்தக் கூலிக்கு இல்ல."

"பின்னே?"

"ரெண்டு மடங்கு. எனக்கு மட்டும் இல்ல, நாலு பேருக்கும்."

முதலாளி இன்பவல்லியிடம் திரும்பினார். "என்னம்மா இது?"

"என்னை ஏன் சார் கேக்குறீங்க? டாக்டரம்மா கேட்டது அவரை."

முதலாளி தரையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரையும் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார்.

"சரி. நாலு பேருக்கும் ரெண்டு மடங்கு. இந்த மாசத்துலருந்தே." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

தேவசகாயம் மண்டியிட்டுத் துணியின் ஓரத்தைப் பிடித்தார்.

"ஆகுற நேரம் ஆகும் சார். விமானத்தை அணைச்சு வைக்கச் சொல்லுங்க."