மஹின் ஊற்றிய தண்ணீர்

தணிகாசலத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குருவம்மா அவரைவிட இளையவர். ஆனாலும் மனம் கனத்தால் அவர் போய் உட்காருவது அந்த அம்மாவின் எதிரில்தான்.

"நேற்று ரயிலில் ஈரானிலிருந்து வந்து படிக்கிற பையன் ஒருவனோடு பேசினேன், அம்மா. அதிலிருந்து சோறு இறங்கவில்லை."

போன வருஷம் ஈரானில், யஸ்த் நகரத்தில் வழி கேட்ட அவரை, பெஹ்ரூஸ் என்கிற தையல்காரர் கையைப் பிடித்து வீட்டுக்கே கூட்டிப்போனார். போதும் போதும் என்றாலும் அவர் மனைவி மஹின் தட்டை நிரப்பினாள். அவர்களைப் போலவே சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு டீ குடிக்கப்போய்த் தணிகாசலத்துக்குப் புரையேறியது.

"இந்தியர்கள் டீயைக் குடிப்பதில்லையா? அதோடு சண்டைதான் போடுவீர்களா?" என்றார் பெஹ்ரூஸ். வீடே சிரித்தது. தங்கள் அறையை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, கணவனும் மனைவியும் கூடத்தில் படுத்தார்கள்.

"புறப்பட்ட அன்று நான் படி இறங்கினதும், அந்தம்மா ஒரு கிண்ணம் தண்ணீரை எனக்குப் பின்னால் வீசி ஊற்றினாள். குதிகாலில் தெறித்தது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை."

"ஏன்?"

"தீட்டுக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். சிரித்ததெல்லாம் வேஷம் என்று நினைத்தேன். அப்புறம் அவர்கள் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை."

"பையன் என்ன சொன்னான்?"

"போகிறவர் தண்ணீர் மாதிரி தடங்கலில்லாமல் போய்த் திரும்பி வரவேண்டும் என்று ஊற்றுவார்களாம். பிரியப்பட்டவர்களுக்குத்தான் ஊற்றுவார்களாம். நேற்று கூப்பிட்டேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை."



"அது தீட்டுக் கழுவுகிற தண்ணீர் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வழக்கம். கூடப் படித்த இருளப்பன் வந்து நின்றுவிட்டுப் போனால் வாசலில் தண்ணீர் ஊற்றிவிடுவோம்."

"ஊற்றிவிடுவோமா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் ஊற்றுவேன்."

"அவர் திரும்பிப் பார்ப்பாரா?"

"ஒருநாளும் பார்த்ததில்லை, அம்மா."

"இருக்கிறாரா?"

"இருக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மகன் வீட்டில்."

குருவம்மா பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். "புறப்படுங்கள்."

தணிகாசலம் படி இறங்கினார். பின்னால் தண்ணீர் விழுந்தது. குதிகால் நனைந்தது. இந்தத் தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

காலிச் சொம்போடு நின்றிருந்த குருவம்மா சொன்னார்:

"அவர் கொடுத்தால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்."