யாரும் இல்லை என்ற வாழைப்பூ

உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது. ஒரு மடலை உரித்து, உள்ளே இருக்கிற பூக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வேகாத நரம்பை மட்டும் கிள்ளிப் போட வேண்டும். வாழைப்பூ ஆய்ந்து முடிக்க நேரமாகும். அந்த நேரத்துக்கு ஒரு கதை.

அந்தக் காலத்தில், செடிகொடிக்கும் குருவிக்கும் பேச வாய் இருந்தபோது, எந்தப் பூவுக்கும் வாசனை கிடையாது. வாழைப்பூவும் இப்போது போலத் தொங்காது. மரத்தின் உச்சியில், வானத்தைப் பார்த்து நேராக நிற்கும்.

ஒரு வாய்க்கால் கரையில் ஒரு வாழை பூ விட்டது. அதற்கு வாழ்நாளில் ஒரே பூ அதுதான். பக்கத்தில் ஒரு தாழை. வாழை இலைக்கு அடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. ஒருநாள் சிட்டு எங்கேயோ பறந்துபோய்ச் சேதி கொண்டுவந்தது.

"நாளைக்குக் காலையில தென்றல் அக்கா வர்றா. மடி நிறைய வாசனையாம். முகத்தைக் காட்டுற பூவுக்கெல்லாம் ஒரு கை அள்ளிப் போடுவாளாம். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் வெறும் மடியோடதான் வருவா."

தாழை முள்ளை ஆட்டிச் சிரித்தது. "நான் ரெண்டு கை கேப்பேன்."

"உடம்பெல்லாம் முள்ளு. உன் பக்கத்துல யாரு வருவா?" என்றது சிட்டு.

"முள்ளு ஓலையிலதான? மூஞ்சி நல்லாத்தான இருக்கு." தாழை வாழையைத் திரும்பிப் பார்த்தது. "நீ ஏண்டி இன்னும் திறக்காம இருக்க? உலக்கையை நட்டு வச்ச மாதிரி நிக்குற. தென்றல் அக்கா வந்து உரல் எங்கன்னு தேடப் போறா!"

தாழை விளையாட்டாகத்தான் சொன்னது. சொன்ன கையோடு மறந்தும் போனது. வாழைதான் மறக்கவில்லை. அதுவரை அது தன் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை. விடிந்ததும் மெதுவாகக் கழுத்தை வளைத்து வாய்க்காலில் எட்டிப் பார்த்தது.

எருமைகள் தண்ணீரில் இறங்கியிருந்த நேரம் அது. தண்ணீர் சேறாகக் கலங்கி அலைந்துகொண்டிருந்தது. அதில் கறுப்பாக, கோணலாக என்னமோ ஒன்று நெளிந்தது.

"இதுவா நான்?"

"தண்ணி கலங்கியிருக்குடி," என்றது தேன்சிட்டு. "எருமை கரையேறட்டும். தெளிஞ்சப்புறம் பாரு."

"பார்த்த வரைக்கும் போதும்."

"உள்ள என்ன இருக்குன்னு நீ இன்னும் திறந்தே பார்க்கலையே."

"வெளியவே இந்த லட்சணம். உள்ள மட்டும் என்ன இருந்துடப் போகுது?"

அதற்குள் தென்றல் வந்துவிட்டாள். வேலியோரத்து மல்லிகை, "அக்கா, நான் இங்க!" என்று கத்தியது. கொல்லையில் இருந்த மகிழம்பூக்கூடக் குரல் கொடுத்தது. வாழை இன்னும் கொஞ்சம் குனிந்து, இலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டது.

தென்றல் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு பிடி வாசனை தயாராக இருந்தது. "உள்ள யாரும்மா?"

"யாரும் இல்லக்கா."

"அப்போ பேசுறது யாரு?"

"சும்மா... இலைதான்."

தென்றல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். தேன்சிட்டு வாயைத் திறப்பதற்குள், "சரிம்மா," என்று திரும்பி, அந்தப் பிடியையும் தாழையின் மேல் போட்டுவிட்டு வயலைத் தாண்டிப் போய்விட்டாள். தாழைக்கு அது கேட்டபடியே இரண்டு கை ஆயிற்று.

கொஞ்ச நேரத்தில் எருமைகள் கரையேறின. சேறு அடியில் படிந்தது. குனிந்த முகத்துக்கு நேர் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. அப்போதுதான் வாழைப்பூவின் முதல் மடல் தானாகத் தூக்கிக்கொண்டது. மடலின் உள்பக்கம் அப்படி ஒரு சிவப்பு. அதற்கடியில் குழந்தையின் விரல்கள் போல வரிசையாகச் சின்னச் சின்னப் பூக்கள். நுனியில் தேன்.

"சிட்டு, தண்ணிக்குள்ள இருக்கே, அது யாரு?"

"நீதான்டி," என்றது தேன்சிட்டு.

வாழை நிமிரப் பார்த்தது. கழுத்து வளைந்தபடியே இறுகிவிட்டிருந்தது. "அக்கா! இருக்கேன்! நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்திப் பார்த்தது. குனிந்த வாயிலிருந்து வந்த சத்தம் தண்ணீருக்குள் போனது. இலைகளை வீசி வீசிக் கூப்பிட்டது. இலைதான் கிழிந்தது. தென்றல் திரும்பவில்லை.

அன்று முதல்தான் வாழைப்பூ மண்ணைப் பார்த்துத் தொங்குகிறது. அதற்கு வாசனை இல்லை. காற்று வந்தால் போதும், இன்னமும் இலையை ஆட்டி ஆட்டிக் கிழித்துக்கொள்கிறது. அது பெற்ற பிஞ்சுகள் மட்டும், தாய் குனிந்தே கிடக்க, ஒவ்வொன்றாக மேலே வளைந்து வானத்தைப் பார்க்கின்றன. அவை வளைவதைக் குலையின் அடியில் தொங்கும் அந்தப் பூ பார்க்கிறதோ இல்லையோ, ஆனால்...

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். "வீட்டுல யாருங்க?"

"யாரும் இல்லீ... இருக்கேங்க, நான் இருக்கேன், இதோ கையைத் துடைச்சுட்டு வர்றேன்."