பனிமலைக்கு முதல் வாய்

கொளுத்துகிற கோடை. மருதங்கோட்டை அரசர் குணவீரருக்குப் பனி பார்க்கும் ஆசை வந்துவிட்டது. சும்மா வந்த ஆசை அல்ல. பிரதானி ஏகாம்பரர் பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்த்த ஆசை. வடக்கே வெள்ளிமுடி என்று கோடையிலும் பனி உருகாத ஒரு மலை. அங்கே பலகையில் உட்கார்ந்து பனியில் சறுக்கி விளையாடலாம். தங்குவதற்கு விடுதியும் உண்டு. அந்த விடுதி தம் மைத்துனருடையது என்பதை மட்டும் பிரதானி சொல்ல மறந்திருந்தார்.

தளவாய் மல்லப்பர் சும்மா இருப்பாரா? அவருக்கும் ஒரு மைத்துனர் உண்டே.

"பால்குன்றுக்கு வந்து பாருங்கள், அரசே. பனியா அது? பஞ்சு மெத்தை. விழுந்தவன் எழுந்திருக்க மனம் வராமல் அங்கேயே தூங்கிவிடுவான்."

"எங்கள் வெள்ளிமுடியில் யாரும் விழுவதே இல்லை," என்றார் பிரதானி. "பல் போன கிழவர்கள்கூடச் சறுக்குகிறார்கள்."

"எங்கள் குன்றில் பச்சைக் குழந்தைகள் சறுக்குகின்றன. அப்பன் மடியில் உட்கார்ந்துகொண்டு."

"எங்கள் மலையில் பல்லே முளைக்காத குழந்தைகள்."

இந்த இடத்தில்தான் அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம் இளவரசனுக்கும் இன்னும் பல் முளைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நானே சறுக்குகிறேன். அச்சம் தெரியாத பிள்ளையாக வளர்வான். எந்த மலை என்று மட்டும் முடிவு செய்யுங்கள்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அப்புறம் மூடவே இல்லை.

வடிவாம்பாள் அரசியின் தோழி. அவையில் மனத்தில் பட்டதைப் பேசலாம் என்று அரசரே அவளுக்கு உரிமை கொடுத்திருந்தார். அதை நினைத்துப் பாதி அவை இன்னும் வருந்திக்கொண்டிருந்தது. அன்று மாலை அரசி அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மடியில் குழந்தை. இப்போதே யாரோ பிடுங்க வருவதுபோல அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அரசரிடம் சொல்லிப் பார்த்தீர்களா, அம்மா?"

"சொன்னேன், வடிவு. சிரிக்கிறார். தாய் என்றால் பயப்படத்தான் செய்வாளாம். இத்தனை பெரியவர்கள் சொல்வது பொய்யாகுமா என்கிறார். எனக்குக் கண்ணை மூடினால் பலகை ஒரு பக்கம் போகிறது, பிள்ளை ஒரு பக்கம் போகிறான். இவனுக்குக் கழுத்து நின்றே எத்தனை நாள் ஆயிற்று?"

குழந்தை வடிவாம்பாளின் விரலைப் பிடித்து வாயில் வைத்து ஈறால் கடித்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள் அவள். "பார்க்கிறேன், அம்மா" என்பதுதான் வந்தது.

மறுநாள் அவை கூடியது. அரசியும் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். சண்டையைக் கேட்டுக் கேட்டு அரசருக்கே சலித்துப்போயிருந்தது.

"வடிவாம்பாள், நீயே சொல். வெள்ளிமுடியா, பால்குன்றா? இரண்டில் ஒன்று. போகவே வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. அரசி உன்னிடம் அழுதிருப்பாள், எனக்குத் தெரியும்."

அவள் சொல்ல நினைத்து வந்தது அதைத்தான். பிரதானி மீசைக்குள் சிரித்தார். தளவாய் மறைக்காமலே சிரித்தார்.

அப்போது சமையற்காரர் பானகம் கொண்டுவந்தார். அந்த அரண்மனையில் 'முதல் வாய்' என்று ஒரு வழக்கம். அரசருக்கு எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவர் முதலில் தம் உடம்பில் சோதித்துக் காட்ட வேண்டும். குதிரை கொடுப்பவர் தாமே முதலில் ஏறிக் காட்டுவார். பேதி மருந்து கொடுக்கிற வைத்தியர் தாம் முதலில் குடித்துவிட்டு, விடைபெறாமலே ஓடுவார். சமையற்காரரும் ஒரு மிடறு குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை அரசரிடம் நீட்டினார்.

வடிவாம்பாள் அதைப் பார்த்தாள்.

"முடிவு சொல்லிவிடலாம், அரசே. முதல் வாய் ஆகட்டும், சொல்கிறேன்."

"மலைக்கு முதல் வாயா?"

"பானகத்துக்கே உண்டே. இந்த மலைகளை உங்களிடம் கொண்டுவந்தவர்கள் இவர்கள் இருவரும். வெள்ளிமுடியில் பிரதானியார் முதலில் சறுக்கட்டும். பால்குன்றில் தளவாய். நீங்கள் எப்படிச் சறுக்கப்போகிறீர்களோ, அப்படியே. பிரதானியார் வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள். தளவாயின் பேரன் இப்போதுதான் தவழ்கிறான். மடிக்குச் சரியாக இருக்கும். எந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே கீழே வருகிறதோ, அதன் மலை நமக்கு."

விசிறி வீசுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டான்.

பிரதானிதான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "அரசே, ஆற அமர யோசித்தால், தளவாய் சொன்ன பால்குன்றுதான் மேல் என்று படுகிறது."

"சேச்சே, அது பிரதானியாரின் பெருந்தன்மை," என்றார் தளவாய். "வெள்ளிமுடி எங்கே, எங்கள் குன்று எங்கே? எங்கள் பக்கம் பனி இந்நேரம் கல்லாக இறுகியிருக்கும்."

"எங்கள் பக்கம் பாறை அதிகம்."

"எங்கள் பக்கம் பள்ளம். போன தடவை என் மைத்துனனே இடுப்பை உடைத்துக்கொண்டான்."

"மைத்துனனுக்கு அங்கே என்ன வேலை?" என்றார் அரசர்.

தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "விடுதி… அவனுடையது."

"நேற்றுப் பஞ்சு மெத்தை என்றீரே."

"மெத்தைதான், அரசே. பேரனுக்குத்தான் சளி பிடித்திருக்கிறது. அந்தக் குளிர் ஆகாது."

"என் மகனுக்கு ஆகுமா?"

அரசரின் குரல் தணிந்துதான் இருந்தது. ஆனால் இரண்டு பெரியவர்களும் தங்கள் கால்விரல்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அரசர் பானகத்தைக் கீழே வைத்தார். திரைக்குப் பின்னால், அரசி இருந்த பக்கம் பார்த்தார்.

"இளவரசன் எந்த மலைக்கும் போகப்போவதில்லை," என்றார்.

வடிவாம்பாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அரசர் விடுகிறவரா? "நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த மலை?"

"இரண்டும்தான், அரசே. பிரதானியார் பால்குன்றைப் புகழ்கிறார். அங்கே போய்த் தங்கட்டும். தளவாய் வெள்ளிமுடியைப் புகழ்கிறார், அவர் அங்கே. கோடை முடிந்து நிதானமாகத் திரும்பினால் போதும்."

"ஓய்வு கேட்டது நான். எனக்கு?"

"இவர்கள் இருவரும் இல்லாத அரண்மனையில் கிடைக்காத ஓய்வு எந்த மலையில் கிடைக்கும், அரசே?"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதில் இறங்கியது. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி வடிவாம்பாளிடம் கொடுத்தார். பிரதானிக்கும் தளவாய்க்கும் ஆளுக்கொரு சறுக்குப் பலகை கட்டிக் கொடுக்கச் சொன்னார்.