பாம்புக்குக் குழைத்த மண்

“எந்தப் பாம்பு தாயே எங்க தண்ணியை வச்சிருக்கு?” என்று கேட்டார் வெள்ளைக்கண்ணு.

அவர் ஊர்ப் பெரியவர். அறுபதைத் தாண்டியவர். வறண்ட கண்மாயின் மடையடியில் தங்கியிருந்த சந்நியாசினி சடையம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் எட்டு வருஷமாக அவளைத்தான் குரு என்று கும்பிட்டு வந்தார். கும்பிடுவதில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. மழை ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, ஊர்த் தண்ணியை ஒரு பாம்பு வைத்திருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள்.

“நேத்து இருளாயி பிள்ளையைப் புதைச்சோம். பத்து மாசக் குழந்தை. ரெண்டு நாளா வயித்தால போய் வத்திப் போச்சு. அவ சொம்பைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தா. யார்கிட்ட இருக்கு? இருந்தா குடுக்க மாட்டோமா?”

சடையம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“விருத்திரன்னு ஒரு அசுரன்,” என்றாள் அவள். “பாம்பு. உலகத்துத் தண்ணி மொத்தத்தையும் வளைச்சுப் போட்டு, அது மேல சுருண்டு படுத்துக்கிட்டான். ஆறு நின்னுச்சு. மாடு செத்தது. மனுஷன் செத்தான். இந்திரன் வந்து அவனை வெட்டினான். தண்ணி வெளியே வந்துச்சு.”

“அவனுக்கு அவ்வளவு தாகமா?”

“ஒரு வாய்கூடக் குடிக்கலை.”

“பிறகு எதுக்குத் தாயே வச்சிருந்தான்?”

அவள் கையருகே கிடந்த மண்கட்டி ஒன்றை எடுத்து நசுக்கினாள். அது மாவாக உதிர்ந்தது.

“அவனை நாங்க வெட்டணும். வழி சொல்லுங்க,” என்றார் வெள்ளைக்கண்ணு. “இன்னும் பத்து நாள் போனா ஊர் காலி தாயே. யாரும் மிஞ்ச மாட்டாங்க.”

அது மட்டும் உண்மை. அவருடைய பேரன்மார் இரண்டு பேரும் மூன்று நாளாக விளையாடப் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார்கள்.

“கண்மாய்க்குள்ள மண்ணால ஒரு பாம்பு செய்ங்க. நூறு அடி இருக்கட்டும்.”

“மண்ணு பொடியா உதிருதே. குழைக்கத் தண்ணி வேணுமே?”

“இருக்கிறவங்க கொண்டு வரட்டும்.”

“குடிக்கவே இல்லாத ஊர்ல மண்ணு குழைக்கவா?”

“காஞ்சு கிடக்கிற பாம்புக்கு உயிர் இல்லை. செத்த பாம்பை வெட்டினா என்ன வரும்?”

வெள்ளைக்கண்ணு தலையைச் சொறிந்தார். “சரி. யார் வெட்டறது?”

“வீட்டுல தண்ணி வச்சிருக்காத ஆள். அதுதான் முறை.”

“அப்ப ஊரே வெட்டலாம்,” என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

தண்ணி இருக்கிற வீடெல்லாம் பாம்புக்கு மண் குழைக்கக் கொண்டு வரணும், பாம்பை வெட்டினால் மழை வரும் என்று மறுநாள் காலை தண்டோரா போட்டார்கள்.

முதலில் செக்குக்கார மாரநாடு வந்தான். தலையில் ஒரு குடம். குடத்தின் வாயைத் துணியால் கட்டியிருந்தான்.

“நாளைக்கு வேணுமேன்னு எடுத்து வச்சது,” என்றான், யாரும் கேட்காமலே.

பிறகு பூவாயி வந்தாள். அவளிடம் இரண்டு குடம். “நெல்லுக் குதிருக்குப் பின்னாடி கிடந்துச்சு. நாளைக்கு வேணுமேன்னு வச்சேன்.”

அப்புறம் தெருவே வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தது, வைக்கோலுக்குள் இருந்தது, சாமி அறையில் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தது எல்லாம் வந்தது. தன் வீட்டுக் குடம் இல்லாமல் மழை தவறிவிட்டால் பழி தன் மேல் விழுமே என்ற பயம். பிள்ளை செத்தபோது வராத பயம் அது.

ஒருவர் குடத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடகடவென்று கவிழ்த்துவிட்டு மண்ணை மிதிக்கத் தொடங்கினார்கள்.

கடைசியாக வெள்ளைக்கண்ணு வந்தார். அவரும் சும்மா வரவில்லை. தரைக்குள் புதைத்து வைத்திருந்த அண்டாவை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அவர் சடையம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தார். ‘நாளைக்கு’ என்பது வரைக்கும் வந்தது. குனிந்து அண்டாவைக் கவிழ்க்கக் கைகொடுத்தார்.



வெயில் சாய்வதற்குள் பாம்பு தயாரானது. நூறு அடிக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. அவ்வளவு தண்ணீர் இருந்தது ஊரில். ஈர மண்வாசனை எழும்பியதும் மாடுகள் கட்டுத்தறியில் நின்று கத்தின.

சடையம்மா அரிவாளை எடுத்து நீட்டினாள்.

“யார் வெட்டறீங்க?”

யாரும் நகரவில்லை. மாரநாடு தன் கால் சேற்றைப் பார்த்தான். பூவாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.  மூன்று நாளுக்கு முன் தன் வாசலில் நின்ற ஒரு காலிச் சொம்பு வெள்ளைக்கண்ணுவின் கண்ணிலேயே நின்றது.

அப்போது கரைமேல் இருளாயி வந்தாள். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. கையில் அதே சொம்பு. இறங்கி நேரே வெள்ளைக்கண்ணுவிடம் வந்தாள்.

“பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல மட்டும் இல்லை. அன்னைக்கே எல்லார்கிட்டயும் கேட்டுப் பார்த்தேன், உங்களுக்குத்தான் தெரியுமே.” சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். “என்னால மழை தவறிடுமா பெரியப்பா?”

அவள் பாம்பைப் பார்த்தாள். இத்தனை ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சடையம்மா அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு, அரிவாளைக் கொடுத்தாள்.

இருளாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரிவாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியவரைத்தான் பார்த்தாள்.

“எங்கே வெட்டணும் பெரியப்பா?”

வெள்ளைக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீழே போட்டார். பாம்பின் தலைக்குப் பக்கத்தில், ஈர மண்ணில், கழுத்தை நீட்டிப் படுத்தார்.