அரக்கு வைத்த குச்சி

ஆம்பல் குளத்தங்கரையில் எல்லா வீட்டிலும் டிவி இருந்தது. பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. எந்நேரமும் புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் செம்பான் என்ற நரி தோளில் பையோடு வந்தது.

"குச்சி, குச்சி! டிவிக்குப் பின்னால் செருகினால் பாட்டு, படம், பக்கத்துக் காட்டுக் குஸ்தி! ரிமோட்டே வேண்டாம். வாயால் சொன்னால் போதும், போடும்! விலை மூன்றே மூன்று நாவல்பழம்!"

மூன்று பழம்தானா! முயல் வாங்கியது. காடை வாங்கியது. மயில் வாங்கியது. கீரி இரண்டு வாங்கியது, ஒன்று மாமியாருக்கு.

ஆமையும் சில்லானும் மட்டும் வாங்கவில்லை. சில்லான் ஒரு கரிச்சான் குருவி. எந்தக் குரலைக் கேட்டாலும் அச்சு அசலாகத் திருப்பிப் பேசும். அணில் மாதிரிக் கத்தி அணிலையே மரம் மரமாக அலைய விடும். தவளை மாதிரிக் கத்தி, மழை வருகிறதென்று நத்தைகளை வெளியே வரவழைக்கும். அப்படிப்பட்ட சில்லானுக்கே இந்த வியாபாரம் எங்கேயோ இடித்தது.

"மாமா, வாங்கின பழத்தையெல்லாம் தின்னாம புதர்ல கொட்டுறீங்களே?"

"வயிறு சரியில்லை, தம்பி."

"குச்சியைத் திறந்து காட்டுங்களேன். உள்ளே என்னதான் இருக்குன்னு பார்ப்போம்."

"ஐயையோ! அரக்கு வைத்து மூடியிருக்கு, கண்ணு தெரியலையா? திறந்தால் பாட்டெல்லாம் பறந்துடும்!"

"சரி, வாயால் சொன்னா அதுக்குக் கேட்குதே. நாம சும்மா பேசும்போது காதைப் பொத்திக்குமா?"

நரி பையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டது.

நான்கு நாள் போனது. காடை தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அதன் முட்டைகள் காணாமல் போயின. மறுநாள் மயில் இரை தேடப் போன நேரம் பார்த்து மயில் முட்டைகள். குச்சியே வாங்காத ஆமை வீட்டில் மட்டும் ஒன்றும் குறையவில்லை.

"வேற யாரு? இந்தச் சில்லான்தான்!" என்று கீரி சீறியது. "யார் குரல்லயாவது கூப்பிட்டு வெளியே அனுப்பிட்டு, உள்ளே புகுந்து திருடுறான்!"

அடுத்து யார் வீடு? சில்லானுக்கு முயல் பூவாத்தாவின் வீடு நினைவுக்கு வந்தது. அங்கே மூன்று குட்டிகள், பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"பூவாத்தா அக்கா! அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போடுங்க! அது நீங்க பேசுறதை ஒட்டுக் கேட்குது!"

"நேத்து என் புருஷன் குரல்ல என்னைக் கூப்பிட்டவன்தானே நீ? உன்னை எந்தக் குரல்ல நம்புறது? போடா!"

சில்லானுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போகவில்லை. பூவாத்தா புல் மேயப் போனதும், குட்டிகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வளைக்குள் தலையை நீட்டியது. அப்படியே பூவாத்தாவின் குரலில் பேசியது.

"குட்டிகளா! நாளைக்கு உச்சி வெயில்ல அம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் போறேன். உங்களைப் புளியமரப் பொந்துல விட்டுட்டுப் போவேன். சத்தம் போடாம இருக்கணும், என்ன!"

புளியமரப் பொந்தில் இருந்தது கதண்டுக் குளவிக் கூடு.

மறுநாள் உச்சி வெயில். சில்லான் முயலிடம் வந்தது.

"அக்கா, கொஞ்ச நேரம் வளை வாசல்லயே இருங்க. எங்கேயும் போகாதீங்க. புளியமரத்தைப் பாருங்க. நான் சொன்னது பொய்னா என் வாலைப் பிடுங்கிக்கங்க!"

"பிடுங்கத்தான் போறேன்!" என்று பூவாத்தா வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

செம்பான் வந்தது. இந்தப் பக்கம் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேராகப் புளியமரத்துக்குப் போய், சப்புக்கொட்டி, பொந்துக்குள் மூஞ்சியை விட்டது.

"ஆ... ஐயோ! அம்மா!"

மூஞ்சி பூசணிக்காயாக வீங்க, நரி குளத்தைச் சுற்றி ஓடியது. கதண்டுகள் பின்னாலேயே போயின. அந்தப் பக்கம் அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

"இந்தப் பொந்தைப் பத்தி இவனுக்கு யார் சொன்னது?" என்று பூவாத்தா கேட்டது.

"நான்தான். ஆனா அவன்கிட்டச் சொல்லலை. உங்க குரல்ல, உங்க டிவிகிட்டச் சொன்னேன்."

பூவாத்தா உள்ளே ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்கியது. அரக்கைப் பல்லால் கடித்து உடைத்தது. உள்ளே கடுகளவு ஒரு மைக் இருந்தது. பக்கத்தில், கேட்டதையெல்லாம் நரியின் குகைக்கு அனுப்பும் ஒரு சின்னக் கருவி. காடை தன் குச்சியை உடைத்தது. மயில் உடைத்தது. எல்லாவற்றிலும் அதே மைக்! கீரி மாமியார் வீட்டுக்கு ஓடியது.

பூவாத்தா தன் குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. மூன்றும் இருந்தன. பிறகு சில்லானை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"எல்லாம் சரி. உன்னை எப்படி நம்புறது?"

சில்லான் இறங்கி வந்து அலகை அகலமாகத் திறந்தது.

"நல்லாப் பாருங்க அக்கா! உள்ளே நாக்கு மட்டும்தான்!"

பூவாத்தா உண்மையாகவே குனிந்து பார்த்தது. இரண்டு தரம் பார்த்தது.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், திறந்து பார்க்க விடாதவன் தரும் பொருளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது.